ரஷ்யப் படையில் சிக்கிய நம் பிள்ளைகளுக்காக எம்.பி.யைப் பார்ப்பது எப்படி? தில்லித் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

உக்ரைன் போர் 2022 பிப்ரவரி 24-ல் தொடங்கியது. அது எங்கோ நடக்கும் போர் என்று இருந்த வீடுகளுக்கு 2024 தொடக்கத்தில் போன் வர ஆரம்பித்தது. உதவியாளர் வேலை, காவலாளி வேலை, படிப்பு என்று ஏதோ ஒன்றைச் சொல்லி முகவர்கள் அனுப்பிவைத்த இந்திய இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டு, போர்முனையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மார்ச்சில் சிபிஐ பல நகரங்களில் சோதனை நடத்தியது. அந்தப் பட்டியலில் தில்லியும் இருந்தது, சென்னையும் மதுரையும் இருந்தன. ஜூலையில் மாஸ்கோ போன பிரதமர் இதைப் புதினிடம் நேரிலேயே பேசினார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு இது: தெரியவந்த 126 பேரில் 96 பேர் திரும்பிவிட்டார்கள், 12 பேர் இறந்துவிட்டார்கள், 18 பேர் இன்னும் படையில். அந்த 18 பேரில் 16 பேர் எங்கே என்று தெரியவில்லை. அதற்குப் பிறகும் புதிதாகச் சிக்கியவர்கள் பற்றிய செய்தி நிற்கவில்லை.

இதைப் படித்துவிட்டு மனம் கேட்காமல், "நாம என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிற தில்லித் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்ய முடியும். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் ஒரு தாய்க்கு நாடாளுமன்றம் இரண்டு நாள் ரயில் தூரம். நமக்கு அது மெட்ரோவில் போகிற தூரம். ஆர்.கே.புரத்திலும் கரோல்பாகிலும் மயூர் விஹாரிலும் இருக்கிற நம்மால் ஒரு காலை நேரத்தை ஒதுக்கினாலே எம்.பி. வீட்டு வாசலில் நிற்க முடியும். அந்த வசதியை வீணாக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

எம்.பி.யால் எது முடியும், எது முடியாது

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம். நம் நாட்டில் படையை அனுப்புவதும் திருப்பி அழைப்பதும் அமைச்சரவை எடுக்கிற முடிவு. அமெரிக்காவில் போருக்கான பணத்தை நாடாளுமன்றமே நிறுத்த முடியும். 1973-ல் வியட்நாம், லாவோஸ், கம்போடியா போருக்கு அப்படித்தான் பணத்தை நிறுத்திச் சட்டம் போட்டார்கள். அதனால் அங்கே மக்கள் தங்கள் உறுப்பினரிடம் போய், "இந்த மசோதாவுக்கு இப்படி ஓட்டுப் போடு" என்று கேட்கிறார்கள். இங்கே 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவு வந்துவிட்டால் அதை மீறி ஓட்டுப் போடுகிறவரின் பதவியே போய்விடலாம். எனவே ஓட்டைக் கேட்காதீர்கள். கேள்வி கேட்பதற்கும், ஒரு விஷயத்தைச் சபையில் எழுப்புவதற்கும், அமைச்சருக்குக் கடிதம் எழுதுவதற்கும் பொதுவாகக் கொறடா குறுக்கே வருவதில்லை. ஆளுங்கட்சி எம்.பி.கூட இதைச் செய்யலாம், செய்கிறார்கள்.

முடிவு அமைச்சரவையுடையது என்றால் சபையில் பேசி என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். 2003-ஐ நினைத்துப் பாருங்கள். ஈராக்குக்கு இந்தியப் படை வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. அந்த ஏப்ரலில்தான் ஈராக் போரைக் கண்டித்து மக்களவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. எதிர்க்கட்சிகள் விடவில்லை, தெருவிலும் எதிர்ப்பு இருந்தது. ஜூலை 14-ல் வாஜ்பாய் அரசின் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் படை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. நம் வீரர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையின் கதை வேறு. அது திரும்பி வர இலங்கை அதிபர் பிரேமதாசாவே "போய்விடுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது, 1989 டிசம்பரில் தில்லியில் ஆட்சி மாற வேண்டியிருந்தது. 1990 மார்ச் 24-ல் கடைசி அணி திருகோணமலையைவிட்டுக் கிளம்பியபோது நம் வீரர்கள் சுமார் 1,200 பேர் உயிரோடு இல்லை. சபை ஆரம்பத்திலேயே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் சில உயிர்களாவது மிஞ்சியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

கோரிக்கை ஒன்றே ஒன்று

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். "போரை நிறுத்த வேண்டும், உலக அமைதி வேண்டும், முகவர்களைத் தூக்கில் போட வேண்டும், குடும்பங்களுக்கு நிவாரணம் வேண்டும்" என்று நான்கு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போவார்கள். எம்.பி. பணிவாக வாங்கி வைத்துக்கொள்வார். அதோடு சரி. போர் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கடிதத்தின் கடைசி வரியில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் ஒரு எம்.பி., ஒரே கூட்டத்தொடரில், தன் கையாலேயே செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையைக் கேளுங்கள். அதற்கு மிகப் பொருத்தமானது நாடாளுமன்றக் கேள்விதான். அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் என்றைக்கும் ஆவணமாக நிற்கும்.

கேள்வியை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். மக்களவைக் கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது விதி. கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

வெளியுறவுத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) ரஷ்ய ராணுவத்தில் தற்போது உள்ள இந்தியர்கள் எத்தனை பேர், மாநில வாரியாக;
(ஆ) காணாமல் போனதாகக் கூறப்படுகிறவர்களைக் கண்டறிய எடுத்த நடவடிக்கை என்ன, அவர்களின் குடும்பத்தாரிடம் மரபணு மாதிரி பெறப்பட்டுள்ளதா;
(இ) எஞ்சியவர்களை விடுவிக்க ரஷ்ய அரசு காலக்கெடு ஏதும் தந்துள்ளதா;
(ஈ) இல்லையெனில், அதற்கான காரணங்கள் என்ன?

பாருங்கள், இதில் ஒரு வசைச்சொல்லோ வாதமோ இல்லை. வாதம் செய்கிற கேள்வியை விதிப்படியே தள்ளிவிடுவார்கள். அமைச்சகம் தப்பிக்க முடியாதபடி எண்ணிக்கையையும் தேதியையும் கேட்கிறோம், அவ்வளவுதான். இதை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பள்ளியில் படித்து இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் ஹிந்தியில் அழகாக எழுதுவார்கள், அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

வந்த கேள்விகளில் எதை எடுப்பது என்று குலுக்கல் போடுவார்கள், அதில் நம் கேள்வி அடிபட்டுப் போகலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, அதாவது அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வது, மக்களவையில் ஒரு நாளைக்கு 20 மட்டும். எழுத்தில் பதில் வருவது 230. அதனால் மாற்று ஏற்பாடும் கையில் இருக்கட்டும். விதி 377-ன் கீழ் 250 சொற்களுக்குள் ஒரு அறிக்கை படிக்கலாம். அவசரப் பொது விஷயங்களைப் பேசுகிற பூஜ்ய நேரத்தில் எழுப்பலாம். மாநிலங்களவையில் சிறப்புக் குறிப்பாக (Special Mention) கொடுக்கலாம். எதுவுமே முடியாது என்றால் அமைச்சருக்கு ஒரு கடிதம். அதையாவது கையெழுத்துடன் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

யாரைப் பார்ப்பது

உங்கள் வாக்காளர் அட்டை தில்லியில் இருந்தால் உங்கள் எம்.பி. தில்லிக்காரர். ஆர்.கே.புரம், முனிர்கா, கரோல்பாக் எல்லாம் புது தில்லித் தொகுதி. மயூர் விஹார், திரிலோக்புரி பக்கம் கிழக்கு தில்லி. "அவர் ஹிந்திக்காரர், நம்மைக் கண்டுகொள்வாரா?" என்று தயங்காதீர்கள். தொகுதிக்காரர் என்ற ஒரு சொல்லுக்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். கடிதத்தின் முதல் வரியிலேயே உங்கள் வார்டையும் பூத்தையும் எழுதிவிடுங்கள்.

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களிடமும் புதுச்சேரி உறுப்பினரிடமும் போவதென்றால், பாதிக்கப்பட்ட குடும்பம் இருக்கும் தொகுதியின் எம்.பி.யிடம்தான் முதலில் போக வேண்டும். அவரைத் தாண்டி வேறொருவரிடம் போனால் மனஸ்தாபம் வரும், குடும்பத்துக்குத்தான் கஷ்டம். அப்புறம், மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாகத் தொகுதி கிடையாது என்பதால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

ஒரே கட்சியோடு நின்றுவிடாதீர்கள். 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் திருச்சி எம்.பி. துரை வைகோ, ரஷ்யாவில் சிக்கிய கடலூர் மாவட்ட மாணவர் ஒருவருக்காகப் பல கட்சி எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கி மத்திய அரசிடம் கொண்டுபோனார். அதே வழியில்தான் நாமும் போக வேண்டும். நம் குழுவில் யாருக்கு எந்தக் கட்சிப் பிடிப்பு இருந்தாலும், இந்த வேலையின்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். பையனின் கடவுச்சீட்டு நகல், போர்முனைப் படம், குரல் பதிவு எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. அங்கே இருக்கிறவனுடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. குடும்பத்தினர் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கூட உட்கார்ந்து பதிந்து கொடுங்கள். அந்தப் புகார் எண் நம் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எப்போது போவது

கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வெளியுறவுத் துறை பதில் சொல்லும் நாள் மக்களவையில் வெள்ளி, மாநிலங்களவையில் வியாழன். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போனால் முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகள் கையைவிட்டுப் போய்விடும். மழைக்காலத் தொடரோ குளிர்காலத் தொடரோ, நான்கைந்து வாரத்துக்கு மேல் ஓடுவது அரிது. அதனால் தேதி அறிவித்த உடனேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அப்போது எம்.பி. ஊரில் இருப்பார். குடும்பத்தார் அங்கே தொகுதி அலுவலகத்தில் பார்க்கட்டும், நாம் இங்கே தில்லி வீட்டில் இருக்கும் உதவியாளரைப் பார்த்துவைப்போம்.

வீடுகள் நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ, பிஷம்பர் தாஸ் மார்க், 2025 ஆகஸ்டில் திறந்த பாபா கரக் சிங் மார்க் அடுக்குமாடி என்று பரவிக் கிடக்கின்றன. முகவரி மக்களவை, மாநிலங்களவை இணையப் பக்கங்களில் உறுப்பினர் பெயருக்குக் கீழேயே இருக்கும். நாடாளுமன்றத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 13-ல் மக்களவைக்குள் குதித்துப் புகைக்குப்பி வீசிய சம்பவத்துக்குப் பிறகு உள்ளே போவது இன்னும் கெடுபிடியாகிவிட்டது. வீடுதான் நல்லது. சபை 11 மணிக்குக் கூடும், எனவே எட்டரைக்குள் வாசலில் இருங்கள். வெள்ளிக்கிழமை மாலை போகாதீர்கள், பாதிப் பேர் சென்னை விமானத்தைப் பிடிக்கப் போயிருப்பார்கள்.

உதவியாளர்தான் கதவு

எம்.பி.யைப் பார்த்தால்தான் வேலை நடக்கும் என்று நினைத்து உதவியாளரைச் சட்டை செய்யாமல் உள்ளே எட்டிப்பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். கேள்விகளைப் பதிவேற்ற ஏற்பாடு செய்வது, கெடு தேதியை நினைவில் வைத்திருப்பது, அமைச்சகத்துக்குக் கடிதம் அடிப்பது எல்லாம் அவர்தான். காலையில் சவுத் அவென்யூ வீடு ஒன்றின் முன்னறையைப் பார்த்தால் புரியும். வாசலில் செருப்புக் குவியல். ஒருவருக்கு ரயிலில் ஈக்யூ (அவசர ஒதுக்கீடு) லெட்டர், இன்னொருவருக்கு எய்ம்ஸில் தேதி, மூன்றாமவர் பணிமாறுதல். நாம் அந்த வரிசையில் இன்னொரு மனுதாரர் இல்லை என்பதை முதல் அரை நிமிடத்தில் காட்டிவிட வேண்டும்.

"மனுதானே சார்? கொடுத்துட்டுப் போங்க. அண்ணன் சபைக்குக் கிளம்பிட்டு இருக்கார்."

"மனு இல்லண்ணா, கேள்வி. இந்த மாசக் கடைசி வெள்ளிக்கு வெளியுறவுத் துறைக்கு. டைப் பண்ணியே கொண்டுவந்திருக்கோம். அம்மா கையெழுத்துப் போட்ட லெட்டரும் இருக்கு."

"அப்படியா... எந்த ஊரு பையன்?"

அந்தக் கேள்வி வந்துவிட்டால் சரி, அவர் தாளை வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். "மெயில்ல அனுப்பிடுங்க" என்பார். வெளியே வந்து வண்டி ஏறுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கேள்வியைத் தட்டச்சுக் கோப்பாகவே அனுப்புங்கள், போன் கேமராவில் எடுத்த படமாக வேண்டாம்.

எம்.பி. வெளியே வந்தால் கிடைப்பது ஐந்து நிமிடம்கூட இருக்காது. மூன்று பேர், அதிகபட்சம் நான்கு பேர் போனால் போதும். ஒருவர் பேசட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். முதலில் பையன் யார், எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று சொல்லுங்கள். அடுத்து கேள்வித் தாளைக் கையில் கொடுத்து, "இந்தத் தொடரிலேயே கேட்டுத் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவர் யோசிக்கட்டும். மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று நாம் பேச ஆரம்பித்தால் அவருக்குப் பதில் சொல்லாமல் நகர வழி கிடைத்துவிடும். "பார்க்கிறேன்" என்றால், "நோட்டீஸ் என்றைக்குப் போகும் என்று அண்ணனிடம் கேட்டுக்கொள்ளலாமா?" என்று உதவியாளரைக் காட்டிக் கேளுங்கள்.

சால்வை, பழக்கூடை, அன்பளிப்பு எதுவும் வேண்டாம். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 11 எம்.பி.க்களை வெளியேற்றினார்கள். வெறும் கையோடு போனால் நமக்கும் மரியாதை, அவருக்கும் நிம்மதி. வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் பணம் அனுப்புகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் கடுமையானது. இந்த வேலைக்கு ஆகிற செலவு ஜெராக்ஸும் ஆட்டோவும்தான்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு

நம்மில் பாதிப் பேர் மத்திய அரசு வேலையில் வந்தவர்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 9-ஆம் விதி, அரசின் கொள்கையைப் பொதுவில் குறைசொல்வதையும், வெளிநாட்டு உறவுக்குச் சங்கடம் தரும்படி பேசுவதையும் தடுக்கிறது. எனவே பணியில் இருப்பவர்கள் கையெழுத்து இயக்கத்திலோ பத்திரிகைப் பேட்டியிலோ முன்னால் நிற்காதீர்கள். ஓய்வு பெற்றவர்கள், சொந்தத் தொழில் செய்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் வரட்டும். கோப்புகளும் துறைகளும் எப்படி நகரும் என்று தெரிந்த ஓய்வுபெற்ற செக்ஷன் ஆபீசர் ஒருவர் குழுவில் இருந்தால் பெரிய பலம்.

ஜந்தர் மந்தரில் உட்காரலாமே என்று யாராவது சொல்வார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் அங்கே போராட மறுபடி வழிவிட்டது, ஆனால் போலீஸ் அனுமதி வாங்கியே தீர வேண்டும். கூட்டம் திரட்ட முடியும் என்றால் செய்யுங்கள். இருபது பேர்தான் வருவார்கள் என்றால் அந்த இருபது பேரையும் ஐந்து எம்.பி. வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவதே மேல்.

பதில் வந்த பிறகு

பெரும்பாலானோர் இங்கே வேலையை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பதில் அன்றே நாடாளுமன்ற இணையதளத்தில் வந்துவிடும். அச்செடுத்து, கேட்ட உட்பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பதிலோடு ஒப்பிடுங்கள். (அ)-வுக்கு எண் சொல்லியிருப்பார்கள். (ஆ), (இ), (ஈ) மூன்றையும் சேர்த்து, "அரசு உயர்மட்டத்தில் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது" என்று ஒரே பத்தியில் முடித்திருப்பார்கள். பதில் வராத பிரிவுதான் அடுத்த கேள்வி. அதை அன்று மாலையே எழுதிவிடுங்கள்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் இருந்தால் அதை ஏமாற்றமாக நினைக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அது அமைச்சர் சபைக்குக் கொடுத்த உறுதிமொழி. அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இரு அவைகளிலும் இருக்கிறது. பொதுவாக மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அந்த மூன்று மாதத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், முடிந்ததும் எம்.பி. மூலமாக நினைவூட்டுங்கள். எண்ணிக்கை, தேதி மாதிரி விஷயங்களுக்குப் பத்து ரூபாய் கட்டி வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். சபைப் பதிலும் ஆர்டிஐ பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த கேள்விக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவையும் விட்டுவிடாதீர்கள். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், 2024 செப்டம்பரிலிருந்து சசி தரூர் தலைவர். அதில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் வழியாக இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்தால், வெளியுறவுச் செயலாளர் வந்து உட்காரும் அறையில் நம் கேள்வி எழ வாய்ப்பு உண்டு. சபைக் கூச்சல் இல்லாத இடம் அது, கட்சிச் சண்டையும் குறைவு.

கேள்வி கேட்ட எம்.பி.க்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். நகலை உதவியாளர் பெயருக்கும் அனுப்புங்கள், அந்தக் குடும்பத்தின் ஊர்ப் பத்திரிகையில் செய்தி வரவும் ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த தடவை அந்த வாசலில் நாம் அந்நியர் இல்லை.

பையன் திரும்பி வந்துவிட்டால் குழு கலைந்துவிடும், அது இயல்புதான். ஆனால் இரண்டு பேராவது இருங்கள். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் வீட்டில் அப்படியே இருக்கும். விசாரணையில் வாக்குமூலம் கொடுக்க அவனைக் கூப்பிடுவார்கள், துணைக்கு ஆள் வேண்டும். அவனைப் போலவே உள்ளே மாட்டிக்கொண்ட மற்றவர்களின் பெயர்களும் அவர்கள் கடைசியாக இருந்த இடங்களும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பேசத் தயாரானதும், அவன் சம்மதத்தோடு அவற்றை எழுதி வாங்கி, அந்தந்தக் குடும்பத்துக்குச் சொல்லி, அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியின் (ஆ) பிரிவில் சேர்த்துவிடுங்கள்.